'ஒன்றும் ஆகாது' என்றால் ஜெனரேட்டர் விற்கும்: ஒரு நாடு கிரிட் மாறும்போது மக்களிடம் பேசுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை காலை. சோவியத் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த ரஷ்ய மின்கட்டமைப்பிலிருந்து (கிரிட்) எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் கழன்றுகொண்டன. ஒரு நாள் முழுக்க வெளித்துணை இல்லாமல் தமக்குள்ளேயே சமாளித்தன. மறுநாள் பிற்பகல் 2 மணி தாண்டியதும் போலந்து வழியாக ஐரோப்பாவின் பெருங்கட்டமைப்பில் சேர்ந்துவிட்டன. பெரிய மின்தடை எதுவும் இல்லை. லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸில் 9 மீட்டர் உயரக் கடிகாரம் வைத்துக் கடைசி நொடிகளை எண்ணிக் கொண்டாடினார்கள்.

பொறியியல் வேலை நூற்றுக்கு நூறு. ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் எஸ்டோனியாவில் பல கடைகளில் ஜெனரேட்டர் விற்பனை எகிறியிருந்தது. 'உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது' என்று மின்கட்டமைப்பு நிறுவனங்கள் சொல்லிக்கொண்டே இருக்கும்போது ஜனங்கள் ஏன் கடைக்கு ஓடினார்கள்? இந்த மாதிரி வேலையில் மக்களிடம் பேசும் பொறுப்பில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி அதுதான்.

என் கணிப்பு இது. ஒரு வாய் 'ஒன்றும் ஆகாது' என்றது. இன்னொரு வாய் 'எதற்கும் தயாராக இருங்கள்' என்றது. எஸ்டோனியாவில் முக்கியமான மின் நிலையங்களுக்குப் போலீசும் தன்னார்வப் பாதுகாப்புப் படையினரும் காவலுக்குப் போனார்கள். போதாக்குறைக்கு 2024 கிறிஸ்துமஸ் அன்று பின்லாந்திலிருந்து வரும் எஸ்ட்லிங்க் 2 கடலடி கேபிள் அறுந்திருந்தது. இவ்வளவையும் பார்க்கிறவன் 'ஒன்றும் ஆகாது' என்பதை எப்படி எடுத்துக்கொள்வான்? 'சொல்ல மாட்டேன் என்கிறார்கள்' என்றுதான். இரண்டு வாயும் சொன்னது உண்மைதான்; அவற்றைச் சேர்த்துச் சொல்லும் மூன்றாவது வாக்கியம்தான் ஊரெல்லாம் போய்ச் சேரவில்லை.

அந்த மூன்றாவது வாக்கியம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 'கரண்ட் போக வாய்ப்பு குறைவு. போனால் எந்தப் பகுதிக்கு முதலில் திரும்பும் என்ற திட்டம் தயார். அதுவரை லிஃப்டில் ஏறாதீர்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவியில் யாராவது இருந்தால் இந்த எண்ணுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.' அவ்வளவுதான். நமக்குக் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும். அங்கே பிப்ரவரிக் குளிரில் வீட்டைச் சூடாக்கும் குழாய்களுக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் நின்றுவிடும். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு வேண்டியது ஆறுதல் இல்லை, அந்த இரவை எப்படி ஓட்டுவது என்ற தகவல்.

அடுத்தது, சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தவறு. 'ரஷ்யாவிடமிருந்து துண்டிப்பு' என்பது அரசியல்வாதிக்கு வீரமான சொல். கேட்பவர் காதில் அது 'இனி அங்கிருந்து கரண்ட் வராது, நமக்குப் பற்றாக்குறை' என்றுதான் விழும். உண்மையில் ரஷ்ய மின்சாரம் வாங்குவதை இந்த நாடுகள் 2022-லேயே நிறுத்திவிட்டன. பிப்ரவரியில் அறுந்தது வேறு ஒரு கயிறு.

அந்தக் கயிறு என்ன என்பதையும் 'ஒத்திசைவு', 'ஹெர்ட்ஸ்' என்று சொல்லிக் கைவிடக்கூடாது. நமக்குக் கச்சேரியை வைத்துச் சொல்லலாம். ஒரு கட்டமைப்பில் இருக்கும் அத்தனை மின்நிலையங்களும் விநாடிக்கு 50 சுற்று என்ற ஒரே தாளத்தில் ஓட வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் யாரோ ஒருவர் சரிசெய்ய வேண்டும். பால்டிக் நாடுகளைப் பொறுத்தவரை பாட்டு இவர்களுடையது, தாளம் போட்டது மாஸ்கோ. அவர்கள் மாற்றியது தாளக்காரரை. இப்படிச் சொன்னால் என் அத்தைக்குக்கூடப் புரிகிறது, சொல்லிப் பார்த்துவிட்டேன்.

தாளக்காரரை மாற்றினால் சம்பளம் யார் கொடுப்பது? பணப் பேச்சைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான தவறு. முன்பு ரஷ்யப் பக்கம் பார்த்துக்கொண்ட சமன்படுத்தும் வேலைக்கு இனி சொந்தமாகக் கையிருப்பு மின்திறன் வைத்திருக்க வேண்டும். அதற்குச் செலவு உண்டு. 'பில் ஏறுமா?' என்று கேட்டால் 'எரிசக்திச் சுதந்திரம் விலைமதிப்பற்றது' என்று பதில் சொல்பவர், வதந்தி பரப்புகிறவருக்குத் தன் மைக்கைத் தானே நீட்டுகிறார். 'ஏறும், மாதத்துக்கு இவ்வளவு, இதற்காக' என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். துல்லியமான தொகை தெரியாவிட்டால் 'இதற்கும் இதற்கும் இடையில்' என்றாவது சொல்லலாம்.

மொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நார்வா போன்ற எஸ்டோனிய எல்லை நகரங்களில் பெரும்பாலோர் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். நீங்கள் அவர்கள் மொழியில் பேசாவிட்டால் எல்லைக்கு அந்தப் பக்கத்து டிவி பேசும்.

இங்கே நம் கதை ஒன்று. நாமும் இப்படி ஒரு பெரிய கிரிட் மாற்றத்தைக் கடந்து வந்தவர்கள்தான். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருளில் மூழ்கியபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது தென்மண்டலக் கட்டமைப்பு மற்றவற்றோடு ஒரே தாளத்தில் ஓடவில்லை என்பது காரணம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்பாதை வழியாகத் தெற்கும் சேர்ந்து 'ஒரே நாடு, ஒரே கிரிட்' ஆனது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. புத்தாண்டுக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். சொல்லாமலே முடித்துவிடும் வசதி அன்று இருந்தது. பீதி கிளப்பக் காத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் அந்த வசதி கிடையாது.

பேசியும் கோட்டைவிட்ட கதைக்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னார் பிரதமர். ஃபேன், ஃபிரிட்ஜ், ஏசியை அணைக்க வேண்டாம், தெருவிளக்கு எரியட்டும் என்பதெல்லாம் மின்துறை அமைச்சகத்திலிருந்து பிறகுதான் வந்தது. கிரிட்டை நடத்துபவர்கள் 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறைந்ததோ 31,000-க்கும் மேல். விளக்கோடு நிற்காமல் மெயினையே இறக்கியவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். நீர்மின் நிலையங்களை வேகமாகக் குறைத்தும் கூட்டியும் பொறியாளர்கள் காப்பாற்றினார்கள். முதல் அறிவிப்பு போய்ச் சேர்ந்த வேகத்தில் திருத்தம் போய்ச் சேராது. செய்யச் சொல்வதையும் செய்ய வேண்டாததையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

மாற்றம் நடக்கும் மணிநேரங்களில் வாயை மூடிக்கொள்வது இன்னொரு தவறு. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் மணிக்கு ஒரு முறை 'திட்டப்படி போகிறது' என்று வர வேண்டும். அந்த இடைவெளியில் நுழைவது வதந்தி மட்டும் இல்லை. 'இன்றிரவு 9.30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்' என்ற எஸ்எம்எஸ் நம்மில் பலருக்கும் வந்திருக்கும். எங்கள் தெருவில் மீட்டர் மாற்றிய வாரம் அம்மாவுக்கு வந்தது. உண்மையான அறிவிப்பு எதுவும் வராததால் அம்மா அதை நம்பினாள். எந்த எண்ணிலிருந்து செய்தி வரும், எதை ஒருபோதும் கேட்க மாட்டோம் என்பதை முன்கூட்டியே சொல்வதும் இந்த வேலையில் சேர்த்தி.

அப்புறம், விழா முடிந்ததும் கடையைக் கட்டுவது. பால்டிக் நாடுகள் சேர்ந்து பதினோரு வாரம் நிறைந்த மறுநாள், ஏப்ரல் 28 அன்று, அதே பெருங்கட்டமைப்பின் மறுகோடியில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. 'அபூர்வ வானிலை அதிர்வு' என்று போர்ச்சுகல் கிரிட் நிறுவனத்தின் பெயரில் ஒரு விளக்கம் உலகம் சுற்றியது. நாங்கள் சொல்லவே இல்லை என்று அந்த நிறுவனம் மறுப்பதற்குள் சர்வதேசச் செய்திகளிலேயே ஏறிவிட்டது. வில்னியஸில் அந்தச் செய்தியைப் பார்த்த ஒருவர் 'இப்போது நாமும் இதே கயிற்றில்தானே தொங்குகிறோம்?' என்று கேட்டிருந்தால், அதற்கான பதில் பிப்ரவரியிலேயே எழுதித் தயாராக இருந்திருக்க வேண்டும்.