வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை வகுப்பில் நடத்துவது எப்படி?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பாடத்தை இனி எடுக்கப்போகிற ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: காந்தியின் தண்டி யாத்திரையில் தொடங்காதீர்கள், வரியில் தொடங்குங்கள். உப்பு வரி யார் தலையில் எவ்வளவு விழுந்தது என்று தெரியாத பிள்ளைக்கு, ஒரு பிடி உப்பை அள்ளியவரை அரசாங்கம் ஏன் சிறையில் போட்டது என்பது கடைசிவரை பிடிபடாது.

முதல் பத்து நிமிடம் கரும்பலகையில் கணக்கு. 1930இல் அரசாங்க எடையில் ஒரு மணங்கு, அதாவது சுமார் 37 கிலோ உப்புக்கு 1 ரூபாய் 4 அணா வரி. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 30 கிலோ உப்பு என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரூபாய்க்கு 16 அணா என்பதை மட்டும் நினைவுபடுத்திவிட்டு, மீதியை அவர்களே போடட்டும். ஏறக்குறைய ஒரு ரூபாய் வரும். "இவ்வளவுதானா சார்?" என்பார்கள். அந்தக் கேள்வி வந்த பிறகு காந்தியின் கடிதத்தை எடுங்கள். 1930 மார்ச் 2ஆம் தேதி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதியது. இந்தியரின் சராசரி வருமானம் நாளுக்கு இரண்டணாவுக்கும் குறைவு, வைஸ்ராயின் சம்பளமோ நாளுக்கு 700 ரூபாய் என்று அதில் கணக்குக் காட்டியிருக்கிறார். ஆக, அந்த ஒரு ரூபாய் ஓர் ஆளின் எட்டு நாள் வருமானத்துக்கும் மேல். வைஸ்ராய் வீட்டு அடுப்படி உப்புக்கும் அதே வீதம்தான். அநியாய வரி என்று நீங்கள் தனியாக விளக்க வேண்டியதில்லை, பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது செய்முறை. கடல் பக்கத்தில் இருந்தால் ஒரு பாட்டில் கடல்நீர் எடுத்து வாருங்கள். கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் கல் உப்பைக் கரைத்துக்கொள்ளலாம், கடல்நீரின் உப்பளவு கிட்டத்தட்ட அதுதான். வேட்டித் துணியில் வடிகட்டி, அகலமான எவர்சில்வர் தட்டில் கால் அங்குலத்துக்கு ஊற்றி வெயிலில் வையுங்கள். சித்திரை வெயிலில் சீக்கிரமே விளிம்பில் வெள்ளையாகப் பூக்கத் தொடங்கும். கடல்நீர் உப்பென்றால் வாயில் போட விடாதீர்கள், கசப்புச் சேர்ந்திருக்கும். உப்பளத்தில் அந்தக் கசப்புநீரைத் தனியாக வடித்துவிடுவார்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "உரிமம் இல்லாமல் நாம் இப்போது செய்தது 1930இல் குற்றம்" என்று சொல்லுங்கள். 1882ஆம் ஆண்டு உப்புச் சட்டத்தை எத்தனை பத்தியில் விளக்கினாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

இனி வரைபடம். 1930 ஏப்ரல் 13, திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 150 மைல் நடந்து ஏப்ரல் 28இல் வேதாரண்யம். 30ஆம் தேதி பக்கத்திலுள்ள அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியதற்கு ராஜாஜி கைதானார், ஆறு மாதச் சிறை. தேதிகளை இதற்கு மேல் இழுக்க வேண்டாம், புத்தகத்தில் இருக்கின்றன.

நேரம் செலவிட வேண்டிய இடம் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் போட்ட உத்தரவு. தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் வரை சிறை என்று அறிவித்தார். தஞ்சாவூர் மண்ணில் வந்தவருக்குச் சாப்பாடு போடுவது குற்றம்! ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவைத்தார்கள். தொண்டர்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள், போட்டது யார் என்று போலீசாருக்குத் தெரியவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே வீட்டில் இடம் கொடுத்து, சிறைக்கும் போனார். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர், போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று சொல்லிச் சிறை போனார்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, எது சட்டமறுப்பு என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒளிந்து செய்ததைச் சட்டமறுப்பு என்று சொல்லலாமா என்பதில்தான் சண்டை வரும், வரட்டும். என் கருத்தைக் கேட்டால், தண்டனையை ஏற்க முன்வந்தவர்கள் தொண்டர்களும் பந்துலு ஐயரும் வைரப்பனும். மரத்தில் கட்டியவர்கள் அந்தப் படி வரை போகவில்லை. ஆனால் அவர்கள் இல்லையென்றால் தொண்டர்கள் மன்னார்குடி தாண்டியிருக்க மாட்டார்கள். ஒரு போராட்டத்துக்கு இரு வகை ஆட்களும் வேண்டும்.

எப்படியும் ஒரு பையன் எழுந்து கேட்பான். என் வகுப்பில் வந்த கேள்வி: "சார், எங்க மாமா டவுன் பஸ்ல டிக்கெட் எடுக்காமலேயே வருவாரு. அதுவும் சட்டமறுப்பா சார்?" கோபப்படாதீர்கள், அது அருமையான கேள்வி. "முன்கூட்டியே கண்டக்டர்கிட்ட சொல்லிட்டு ஏறுறாராடா? அபராதம் போட்டா, நியாயத்துக்காகக் கட்டுறேன்னு நிப்பாரா? அதனால ஊருக்கு என்ன கிடைக்குது?" என்று திருப்பிக் கேட்டேன். இந்த மூன்று கேள்விகளையும் கரும்பலகையில் விட்டுவையுங்கள். காந்தி, சட்டத்தை மீறப்போவதை வைஸ்ராய்க்கு முன்பே எழுதித் தெரிவித்தவர் என்பது அப்போது தானாகப் பொருந்தும். கட்டபொம்மனும் கிஸ்தி கட்ட மறுத்தாரே என்பார்கள். அவர் அரசாங்கத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர், அது வேறு வழி. 1773இல் தேயிலை வரியை எதிர்த்து அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியவர்கள் மாறுவேடத்தில் வந்தார்கள். வரி கட்டாமல் 1846இல் ஓர் இரவு சிறையிலிருந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தன் பெயரோடு போனார். நேரமிருந்தால் இவர்களையும் அதே கேள்விகளில் வைத்துப் பார்க்கலாம்.

முடிவைப் பூசி மெழுகாதீர்கள். 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் வந்தபோது உப்பு வரி நீங்கவில்லை. உப்பு கிடைக்கும் ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் தேவைக்கும் ஊருக்குள் விற்கவும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவுதான் கிடைத்தது. வரி முழுதும் நீக்கப்பட்டது 1947இல். "அப்போ தோத்துட்டாங்களா சார்?" என்று கேட்டால், கலெக்டரின் உத்தரவு இருந்தும் நூறு பேர் பதினைந்து நாளும் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று யோசிக்கச் சொல்லுங்கள்.

வீட்டுப் பாடமாகப் பத்து வரிக் கட்டுரை வேண்டாம். கலெக்டரின் உத்தரவு கைக்கு வந்த நாளில் ஒரு கிராம முன்சீப் (ஊரில் வரி வசூலித்த அலுவலர்) தன் வீட்டில் என்ன பேசியிருப்பார் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அரசாங்கச் சம்பளம் வாங்குபவர், சாயங்காலம் அவர் ஊர் வழியாகத்தான் தொண்டர்கள் வருகிறார்கள். மதிப்பெண் போடும்போது முன்சீப் எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்க வேண்டாம், காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.