மீன் ஏலக்கூடத்தில் புகைத்தடை: ஊர்க் கூட்டத்தில் பேசி நடைமுறைப்படுத்தும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முதல் தொண்டி வரையுள்ள கரையூர்களில், குடித்துவிட்டு ஏலக்கூடத்துக்குள் நுழைபவரை உடனே வெளியேற்றுகிறோம். பீடி பற்றவைத்தவருக்கோ நகர்ந்து இடம் கொடுக்கிறோம். மகனை டாஸ்மாக் கடைக்கு அனுப்ப எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது. அதே மகன் கையில் காசைக் கொடுத்து, "ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா" என்று சொல்வதை யாரும் தவறாக எண்ணுவதில்லை. மது அருந்துவோருக்கு 21 வயது, புகையிலை வாங்குவோருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று சட்டம் இரண்டையும் கட்டுப்படுத்தியிருந்தும், ஊர் ஒன்றை மட்டுமே கண்டிக்கிறது. ஆகவே மானக்கேட்டைப் பேசாமல், யாருக்குக் கேடு என்பதிலிருந்து கூட்டத்தைத் தொடங்குங்கள்.

கூட்டத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் கூடத்தில் நின்று பாருங்கள். எங்கள் கூடத்தில் கணவாயும் இறாலும் தரம் பிரிக்கும் பெண்ணொருத்தி, தூணில் ஏணை கட்டிக் குழந்தையை உறங்க வைத்திருந்தாள். அந்தத் தூணிலேயே சாய்ந்து நால்வர் புகைத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் இப்படிப்பட்ட பெண்களே முதலில் பேசட்டும். சங்கத் தலைவர் பேசினால் அது கட்டளையாகிவிடும். மதினியோ சித்தியோ கேட்டுக்கொண்டால் பெரியவர்கள் மறுப்பதில்லை.

சட்டத்தை எளிய சொற்களில் விளக்குங்கள். 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகளும் பணியிடம், உணவகம், பேருந்து நிலையம், மதுக்கூடம் உள்ளிட்ட பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கின்றன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதை வசூலிக்கும் அதிகாரம் அரசு அறிவித்த அலுவலர்களுக்கே உரியது என்பதால், சங்கம் தானாகப் பணம் கேட்கக் கூடாது. 'புகைபிடிக்கத் தடை செய்யப்பட்ட பகுதி, இங்கு புகைபிடிப்பது குற்றம்' என்று குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் நுழைவாயில்தோறும் அறிவிப்பு இருக்க வேண்டும்; புகாரைப் பெறும் பொறுப்பாளரின் பெயரும் அதில் இடம்பெற வேண்டும். நாங்கள் முதலில் தகரப் பலகை மாட்டினோம். உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்துக்குள் எழுத்து உரிந்துவிட்டது. சுவரிலேயே வண்ணம் தீட்டுவது நல்லது. சாம்பல் தட்ட வைத்திருக்கும் மணல் டப்பாக்களையும் அன்றே எடுத்துவிடுங்கள். அவை இருக்கும் வரை அறிவிப்பை யாரும் நம்பமாட்டார்கள்.

நாற்பது ஆண்டுகளாகப் புகைத்தவர் ஒரே நாளில் விடமாட்டார். டீசல் கேனுக்கும் நைலான் வலைக்கும் எட்டத்தில், கூரைக்கு வெளியே அவருக்கு ஓரிடம் காட்டுங்கள். வடக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் கூடத்துக்குத் தெற்கேயும், தெற்கிலிருந்து வீசும் சோழகக் காலத்தில் வடக்கேயும் அந்த இடம் மாறினால்தான் புகை உள்ளே திரும்பாது. விட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். அது சிகரெட் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.

மதுவுக்கு இதே விதி பொருந்தாது. புகையின் கேடு அது பரவும் இடத்தைச் சார்ந்தது. மதுவின் கேடோ, குடித்தவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதைச் சார்ந்தது. எனவே இடத்தை அல்ல, செயலைக் குறித்துத் தீர்மானம் எழுதுங்கள்: போதையில் உள்ளவர் படகில் ஏறக் கூடாது, சுக்கான் பிடிக்கக் கூடாது, கரையில் வண்டி ஓட்டக் கூடாது. அப்படித் தடுக்கப்பட்டு அந்நாள் தொழில் இழந்தவரை ஊரார் முன் அவமானப்படுத்தாதீர்கள். கூனிக் குறுகியவர் மறைவில் மேலும் குடிப்பார், அந்த அடி வீட்டுப் பெண்கள் மேல் விழும். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கடைசியாகப் பள்ளிக்கூடத்தின் பக்கம் போங்கள். கல்வி நிறுவனத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. 100 கஜம் என்பது நம் கணக்கில் 50 பாகம் (ஒரு பாகம் ஆறு அடி). ஆழம் பார்க்கும் கயிற்றை எடுத்துச் சென்று, கடைக்காரர் கண் முன்னே அளந்து காட்டுங்கள். ஒரு முனையை அவர் கையிலேயே கொடுங்கள்.