யாழ்ப்பாண ரவுனுக்குள் பெற்றோலைத் தின்னும் ஓட்டத் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இறக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பண்ணையிலிருந்து பலாலி வரை போனாலும் எஞ்சினைத் திணறவைக்கிற மாதிரி ஒரு மேடு கிடையாது. அப்படியிருந்தும் "லீற்றருக்குப் பத்துக்கூட ஓடுதில்லை" என்ற முறைப்பாடு எங்கே போனாலும் காதில் விழுகிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம் காரின் பழுது கிடையாது. சமதரையில் ஓட்டுகிற விதத்தால் பெற்றோல் அதிகம் வீணாகும் இடம் பிரேக்தான். பெற்றோலை எரித்துத்தான் வாகனத்துக்கு வேகம் வருகிறது, பிரேக்கை மிதித்த உடனே அந்த வேகம் முழுக்கச் சூடாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது, அப்புறம் அதே வேகத்துக்கு வருவதற்குத் திரும்பவும் எரிக்கவேண்டும்.

ஆக முதல் தவறு, நிற்கப்போகிற இடத்தை நோக்கி வேகமெடுப்பது. ஆஸ்பத்திரி வீதியில் முன்னால் போகிற மினிபஸ் ஆள் இறக்க நிற்கப்போகிறது என்பது தூரத்திலேயே தெரியும், சந்தியில் சிவப்பு விழுந்ததும் தெரியும், இருந்தும் கடைசி வரை அக்சிலேட்டரில் காலை வைத்திருந்துவிட்டுப் பக்கென்று பிரேக் அடிப்பவர்கள்தான் அதிகம். காலை முன்கூட்டியே எடுத்துவிட்டால் வாகனம் தானாக மெதுவாகும், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் சில நேரம் பஸ்ஸும் எடுத்துவிடும், நீங்கள் நிற்கவே தேவையில்லை. பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடிப்பார், அடிக்கட்டும். நின்று நின்று போகும் ஓட்டத்தில் ஆவேசமாக ஓட்டினால் எரிபொருள் சிக்கனம் 10 முதல் 40 சதவீதம் வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் கணக்குச் சொல்கிறது. ஓட்டுகிற பழக்கங்களில் வேறு எதைத் திருத்தியும் இவ்வளவு மிச்சம் பிடிப்பது கஷ்டம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று கியூஆர் காட்டி அளந்து வாங்கிய நாட்களில் நாங்கள் எல்லோரும் பொறுமையாகத்தானே ஓட்டினோம்!

இதோடு சேர்ந்து வருகிற இன்னொரு பழக்கம், உருள்கிற நேரம் நியூட்ரலில் போட்டுவிடுவது. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றர் இருந்த காலத்துப் பழக்கம் இது. கொம்பியூட்டர் அளந்து பெற்றோலைத் தெளிக்கிற இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் கியரில் வைத்தபடி காலை எடுத்தால், குறிப்பிட்ட சுழற்சிக்குக் கீழே இறங்கும் வரை கொம்பியூட்டர் பெற்றோலை முற்றாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெற்றோல் குடிக்கும், அவசரத்துக்கு இழுவையும் இருக்காது. டொயோட்டா அக்குவா போன்ற ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டரும் உள்ள கார்) வைத்திருப்பவர்களுக்கு இதில் நட்டம் இன்னும் கூட, ஏனென்றால் 'என்'னில், அதாவது நியூட்ரலில் போட்டால் பற்றரி சார்ஜ் ஏறாது. ஹைபிரிட்டில் பிரேக்கை நேரத்தோடு, மெதுவாக மிதித்தால்தான் வீணாகப் போகும் வேகத்தில் ஒரு பங்கு பற்றரிக்குத் திரும்பும்.

அடுத்தது ரியூசன் வாசல். பிள்ளை வெளியே வரும் வரை ஏசியைப் போட்டபடி, எஞ்சினை ஓடவிட்டு வரிசையாக நிற்கிற கார்களைப் பின்னேரங்களில் பார்க்கிறோம். சிறிய எஞ்சின் என்றாலும் நின்ற இடத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை போகும், ஏசி போட்டால் அதற்கு மேலும் போகும். திரும்ப ஸ்ரார்ட் பண்ணினால் கூடுதலாக எரியும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஏறத்தாழப் பத்து விநாடி சும்மா ஓடுவதற்குச் செலவாகிற அளவுதான் அதற்கும் போகும். கொக்குவில், கோண்டாவில் பக்கம் ரயில் கடவை பூட்டியிருந்தாலும் எஞ்சினை நிற்பாட்டுங்கள். காலையில் ஐந்து நிமிடம் சூடாக்குவதும் எங்கள் வெயிலுக்குத் தேவையில்லை. அரை நிமிடத்தில் எடுத்து, முதல் ஒரு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டினால் சரி.

ஏசியைப் போடவே கூடாது என்று சொல்லமாட்டேன், சித்திரை வெயிலில் அது நடக்காத காரியம். வெயிலில் கிடந்த காரில் ஏறியதும் கண்ணாடிகளைப் பூட்டி ஏசியை முழுதாகத் திருப்புவதுதான் பிழை. கண்ணாடிகளை இறக்கிக் கொஞ்சத் தூரம் ஓட்டி உள்ளே இருக்கிற சூட்டை வெளியேற்றிய பிறகு போடுங்கள். ஒரு வேப்பமர நிழல் கிடைக்குமென்றால் ஐம்பது மீற்றர் நடந்தாலும் பரவாயில்லை, அங்கேயே நிறுத்துங்கள்.

95 ஒக்ரேன் பெற்றோல் அடித்தால் கூடுதலாக ஓடும் என்ற நம்பிக்கையில் எத்தனையோ பேர் காசைக் கொட்டுகிறார்கள். ஒக்ரேன் என்பது பெற்றோலில் இருக்கிற சக்தியின் அளவு கிடையாது. அழுத்தத்தில் நேரத்துக்கு முந்தித் தீப்பிடிக்காமல் தாங்கும் அளவைத்தான் அது சொல்கிறது. ஜப்பானில் ஓட்டுவதற்குச் செய்த விட்ஸ், அக்குவா, வேகன் ஆர் எல்லாம் அந்த நாட்டுச் சாதாரண பெற்றோலுக்கு வடிவமைத்தவை, அதன் ஆகக்குறைந்த ஒக்ரேன் 89. எங்கள் 92 அவற்றுக்குத் தாராளம். கைநூலில் 95 என்று எழுதியிருக்கும் வாகனம் என்றால் மட்டும் அதை அடியுங்கள். விடியப்புறம் அடித்தால் பெற்றோல் கூடுதலாக வரும் என்ற கதையையும் விட்டுவிடுங்கள், தாங்கி நிலத்துக்குக் கீழே இருப்பதால் அங்கே சூடு அவ்வளவாக மாறுவதில்லை. 'கிளிக்' என்று நின்ற பிறகும் தொண்டை வரை நிரப்புவதால் ஆவியைப் பிடிக்கிற பகுதி பழுதாகும்.

ரயருக்குக் காற்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள், ஓடிச் சூடாக முன்னம் பாருங்கள். எவ்வளவு அடிப்பது என்பது சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்து ஸ்ரிக்கரில் இருக்கும், காற்றடிக்கிறவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் கணக்கை எடுக்காதீர்கள். ஒயிலிலும் இதே கவனம் வேண்டும். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயிலைக் கேட்கிற எஞ்சினுக்கு "வெயில்தானே, தடிப்பாகப் போடுவம்" என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் அந்தத் தடிப்பான ஒயிலைச் சுற்றவே எஞ்சின் கூடுதலாகப் பாடுபடும். எயர் பில்ரர் அடைத்தால் இன்ஜெக்ஷன் காரில் இழுவைதான் குறையும், எரிகிற பெற்றோல் பெரிதாக அதிகரிக்காது. ஆனால் போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயில் ஓடி இன்னமும் எங்கள் ஒழுங்கைகளில் உயிரோடு இருக்கிற ஏ40, மொரிஸ் மைனர் கார்களுக்குக் காபரேற்றர்தான், அவற்றில் அழுக்கான பில்ரர் பெற்றோலை நேரடியாகவே தின்னும். அக்குவாவில் பின் இருக்கைப் பக்கம் பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரம் இருக்கிறது. எங்கள் புழுதி அதில் படிந்தால் பற்றரி சூடாகும், சூடான பற்றரி எஞ்சினுக்கு ஒழுங்காக உதவாது. பையை வைத்து அதை மறைக்கவும் கூடாது.

மோட்டார் சைக்கிள்காரர் சோக்கை இழுத்தபடி மறந்து ஓடுவது, செயினுக்கு ஒயில் போடாமல் விடுவது, பிரேக் உரசுகிறதா என்று சில்லைச் சுற்றிப் பார்க்காமல் இருப்பது, இந்த மூன்றையும் கவனித்தால் போதும்.

தூரத்தையும் யோசியுங்கள். திருநெல்வேலிச் சந்தைக்கு ஒரு தடவை, வந்து திரும்ப வங்கிக்கு ஒரு தடவை என்று போனால் ஒவ்வொரு முறையும் ஆறின எஞ்சினில் புறப்படுகிறீர்கள், ஆறின எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். ஒரு சுற்றில் முடியுங்கள். ஒன்றிரண்டு கிலோமீற்றர் என்றால் வீட்டில் சைக்கிள் நிற்கும்தானே.

கடைசித் தவறு, அளக்காமல் பேசுவது. ஆயிரம் ரூபாய்க்கு அடித்து முள்ளைப் பார்த்துச் சொல்லும் கணக்கு எதற்கும் உதவாது. தாங்கியை முதல் கிளிக் வரை நிரப்பி ஓடிய தூரத்தைக் காட்டும் ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள், பாதிக்கு மேல் ஓடிய பிறகு அதே பெற்றோல் செட்டில் திரும்பவும் முதல் கிளிக் வரை நிரப்புங்கள், ஓடிய கிலோமீற்றரை இரண்டாம் முறை அடித்த லீற்றரால் பிரியுங்கள். சில தடவை இப்படிச் செய்து சராசரி எடுக்கவேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகள் மறித்திருக்கும், அந்த நாட்களில் சுற்றிப்போய் ஊர்ந்த கணக்கைத் தனியாக வையுங்கள், மற்ற மாதங்களுடன் அதை ஒப்பிட்டால் பழுதில்லாத காரைக் கராஜில் கொண்டுபோய் விடுவீர்கள்.