மருத்துவத் துறை படிப்புக்கு உதவித்தொகை தேடுவது எப்படி?

டாக்டர் படிப்புக்கு மட்டும்தான் உதவித்தொகை என்று நினைத்து நிறைய பேர் தேடாமலே விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, லேப், ரேடியோகிராபி, இதற்கெல்லாமும் இருக்கிறது.

முதலில் சேரப்போகும் கல்லூரியிலேயே கேளுங்கள். அப்புறம் அரசுத் திட்டங்கள், மருத்துவமனைகள், நீங்கள் போகப்போகும் தொழிலின் சங்கங்கள்.

கையெழுத்துப் போடும் முன் பணி ஒப்பந்தம் இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். அமெரிக்காவின் நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் என்ற அரசுத் திட்டத்தின் உதவித்தொகை கல்விக் கட்டணத்தோடு மாதச் செலவுக்கும் பணம் தருகிறது, ஆனால் படித்து முடித்ததும் மருத்துவ வசதி குறைந்த பகுதியில் குறைந்தது 2 ஆண்டு வேலை பார்க்க வேண்டும், பாதியில் விட்டால் வட்டியோடு 3 மடங்கு வரை திருப்பிக் கட்ட நேரிடும். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்ய மனமிருந்தால் இது அருமையான வழி, இல்லையென்றால் வேண்டாம்.

விண்ணப்பத்தோடு தரும் கட்டுரையில் 'சிறு வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை' என்று தொடங்காதீர்கள், எல்லாரும் அதையேதான் எழுதுகிறார்கள். பாட்டிக்கு இன்சுலின் போடும்போது ஒரே இடத்தில் குத்தாமல் தினமும் இடம் மாற்றக் கற்றுக்கொண்டீர்களா? அதை எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை 3 வாரம் முன்பே கேட்டுவிடுங்கள், கேட்கும்போதே மதிப்பெண் பட்டியலின் நகலையும் கடைசித் தேதியையும் ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள்.