புது மாஸ்க்கும் மதுரை வெக்கையும்
தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால், மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சீபாப் (CPAP) மெஷின் வைத்துத் தூங்குகிறவன் நான். மூக்கை மட்டும் மூடும் பழைய மாஸ்க்கில் வாய் வழியே காற்று வெளியேறியதால், வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறச் சொன்னார் டாக்டர். முதல் ராத்திரியே மூக்குத்தண்டின் ஓரம் காற்று கசிந்து நேராகக் கண்ணில் அடித்தது. "என்னங்க, குக்கர் மாதிரி உஸ்ஸுங்குது" என்று மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பட்டையை இறுக்கினால் முகத்தில் தழும்புதான் விழும், கசிவு நிற்காது. மாஸ்க்கின் சிலிக்கோன் ஓரம் (குஷன்) காற்றில் லேசாக உப்பினால்தான் தோலோடு ஒட்டும், இறுக்கினால் மடிந்துவிடும். எல்லாப் பட்டையையும் தளர்த்தி, மெஷினை ஓடவிட்டு, தலையணையில் படுத்தபடியே இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். உட்கார்ந்து சரிசெய்தால், படுத்ததும் கன்னம் சரிந்து அளவு மாறிவிடுகிறது.

அப்புறம் நம்மூர் வெக்கை. செல்லூரில் மொட்டை மாடிக்குக் கீழே குடியிருந்தால் சித்திரையில் முகத்தில் எண்ணெய் வழியாமல் இருக்குமா? படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவி, க்ரீம் எதுவும் தடவாமல் மாட்டுகிறேன். காலையில் குஷனை மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவேன். தாடி மட்டும் ஆகாது, கசியும்.

மூச்சு முட்டும் பயம் போக, சாயங்காலம் டிவி பார்க்கும்போதே மெஷினோடு மாட்டிப் பழகினேன். மெஷினில் ராம்ப் என்ற வசதியை வைத்தால் அழுத்தம் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏறும். கரண்ட் போனால் என்ன செய்வாய் என்றார் அம்மா. இந்த மாஸ்க்கில் அதற்கென்றே இருக்கும் வால்வு திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். இருந்தாலும் இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டேன்.