எண் மட்டும் மிஞ்சிய கல்லறைகளுக்குப் பெயரை மீட்பது எப்படி?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், டேன்வர்ஸ் ஊரின் ஹாத்தோர்ன் குன்றின்மேல் 1878இல் ஒரு மனநலக் காப்பகம் திறக்கப்பட்டது. நடுவில் நிர்வாகக் கட்டடம், இரு பக்கமும் வௌவால் சிறகு விரித்ததுபோல் அடுக்கடுக்காகப் பின்னால் போகும் நோயாளிப் பிரிவுகள். எல்லா அறைக்கும் வெளிச்சமும் காற்றும் கிடைக்க வேண்டும் என்பதற்காக மருத்துவர் தாமஸ் கிர்க்பிரைட் வகுத்த அமைப்பு அது. 1992இல் காப்பகத்தை மூடினார்கள். அங்கேயே இறந்து, உறவினர் யாரும் கேட்டு வராத சுமார் 770 பேர் அதன் இடுகாட்டில் கிடக்கிறார்கள். அவர்கள் தலைமாட்டில் இருந்தவை எண் பொறித்த சிறு கற்கள் மட்டுமே.

1990களின் இறுதியில் முன்னாள் நோயாளிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து புதர் வெட்டினார்கள், பதிவேடுகளைத் தேடினார்கள், எண்களுக்கு உரிய பெயர்களைக் கண்டெடுத்துப் பொறித்து வைத்தார்கள். இடுகாட்டு வாசலில் ‘அவர்கள் விட்டுச்சென்ற எதிரொலிகள்’ என்ற பொருள்படும் சொற்கள் செதுக்கிய பாறை நிற்கிறது. குன்றின்மேல் இருந்த கட்டடத்தின் கதை வேறு. 1984இலேயே தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றிருந்தும், 2006இல் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. நடுப்பகுதியின் வெளிச்சுவர்களை மட்டும் நிறுத்தி, உள்ளே அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள்.

இந்த வேலையில் இறங்கும் எந்தக் குழுவும் முதலில் பெயர்களுக்குப் போக வேண்டும், அடுத்து கற்கள், பிறகு கட்டடம். பலரும் தூரிகையோடு கல்லைத் தேய்க்கத்தான் முதல் நாளே கிளம்புகிறார்கள். கல் இன்னும் பத்து வருடம் காத்திருக்கும். ஈரமான நிலவறையில் கிடக்கும் பதிவேடும், அங்கே வேலை பார்த்த எண்பது வயதுத் தாதியும் காத்திருக்க மாட்டார்கள்.

நிலமும் அனுமதியும்

நிலம் யாருடையது என்பதைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பாருங்கள். மூடிய காப்பகங்களின் நிலம் பெரும்பாலும் துண்டாகிப் போயிருக்கும்: கட்டடம் ஒரு கட்டுமான நிறுவனத்திடம், வயல்கள் ஊராட்சியிடமோ பல்கலைக்கழகத்திடமோ, இடுகாடு மட்டும் மாநில மனநலத் துறையிடம். இடுகாட்டுக்குப் போகும் பாதை அடுத்தவர் நிலத்தில் மாட்டிக்கொள்வது மிகச் சாதாரணம். விற்பனைக்கு முன்பே பாதை உரிமையையும் பராமரிப்புப் பொறுப்பையும் பத்திரத்தில் எழுத வைத்துவிட வேண்டும். விற்ற பிறகு கேட்டால் கைமாறும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கெஞ்ச நேரும். தன்னார்வலருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்பதற்கான காப்பீட்டுச் சான்று இல்லாமல் எந்த அரசுத் துறையும் கையெழுத்துப் போடாது. மண்ணில் ஒரு கம்பியைச் செருகுவதற்குக்கூட மாநில வரலாற்று ஆணையத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

எண்ணிலிருந்து பெயருக்கு

தேட வேண்டியவை நான்கு: அடக்கப் பதிவேடு, இடுகாட்டு வரைபடம், இறப்புச் சான்றிதழ், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பதிவேடு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அது மருத்துவமனை மூடிய கையோடு மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கலாம்; கொதிகலன் அறையில் கிடந்து அழுகியுமிருக்கலாம். கிடைக்காவிட்டால் ஊர் எழுத்தர் அலுவலகத்துக்குப் போய், காப்பகம் இயங்கிய ஆண்டுகளின் இறப்புப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். ‘அடக்கம் செய்த இடம்’ என்ற கட்டத்தில் மருத்துவமனை இடுகாடு என்று இருப்பவற்றை மட்டும் எடுத்து, தேதி வரிசையில் அடுக்குங்கள். கல் எண்கள் பெரும்பாலும் இறந்த வரிசையிலேயே ஏறுவதால், தெரிந்த இரண்டு மூன்று கற்களை முளையாக வைத்து இடையில் உள்ளவற்றைப் பொருத்திப் பார்க்க முடியும்.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியாகும். 1950ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு 2022இல் திறக்கப்பட்டது. 1880இல் மனநோயாளிகளுக்கென்றே தனி அட்டவணை எடுத்தார்கள், அதைத் தவறவிடக் கூடாது. 1890இன் பதிவுகள் பெரும்பாலும் தீ விபத்தில் போய்விட்டன. அந்த இருபதாண்டு இடைவெளியை நிரப்ப மருத்துவமனையின் ஆண்டறிக்கைகளும் ஊர்ப் பத்திரிகைகளும்தான் வழி.

விரிதாளில் ஒரு கல்லுக்கு ஒரு வரி. கல் எண், பதிவேட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே, பிற ஆவணங்களில் காணும் வேறு எழுத்து வடிவங்கள், பிறந்த நாடு, இறந்த தேதி, ஒவ்வொரு தகவலும் கிடைத்த இடம், எவ்வளவு உறுதி என்பது. பெயரைத் திருத்தி எழுதிவிடாதீர்கள். அயர்லாந்திலிருந்தும் போலந்திலிருந்தும் வந்தவர்களின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருந்தால் மூன்றையும் வைத்திருங்கள். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆவணங்கள் ஒத்துப்போகும்வரை எந்தப் பெயரையும் கல்லில் பொறிக்க வேண்டாம். தவறான ஒருவர் பெயரைப் பொறிப்பது அந்த மனிதரை இரண்டாம் முறை தொலைப்பதாகும்.

பொருத்துவதில் வழக்கமாக இரண்டு இடங்களில் சறுக்கும். முதலாவது, ஒரே எண் இருவருக்கு இருப்பது. மாசசூசெட்ஸிலேயே மெட்ஃபர்ன் இடுகாட்டில் (1947 முதல் 1979 வரை சுமார் 300 அடக்கங்கள்) கத்தோலிக்கருக்கு ‘சி’ என்றும் புராட்டஸ்டண்டுகளுக்கு ‘பி’ என்றும் எழுத்துப் போட்டு இரண்டு தனி வரிசைகளாக எண்ணினார்கள். சி 5 வேறு ஆள், பி 5 வேறு ஆள். அந்த எழுத்து சிதைந்துபோன கல்லை வெறும் எண்ணாகப் படித்தால் கணக்கு முழுவதும் கலங்கிவிடும். இரண்டாவது, இறப்புகளின் எண்ணிக்கையும் கற்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாமல் இருப்பது. பலரைக் குடும்பத்தார் எடுத்துப்போயிருப்பார்கள். யாரும் கேட்காத உடல்கள் உடற்கூறு கற்பிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டன. ஆகவே கணக்கு உதைத்தால் ஏதோ காணாமல் போய்விட்டது என்று அறிவிக்க அவசரப்படாதீர்கள்.

சட்டம் எங்கே தடுக்கும்

கூட்டாட்சி மருத்துவ ரகசியச் சட்டம் ஒருவர் இறந்து 50 ஆண்டுகள் ஆனதும் விலகிக்கொள்கிறது. ஆனால் மாநிலச் சட்டங்கள் அதைவிடக் கடுமையாக இருக்கலாம். நியூயார்க்கின் வில்லார்ட் காப்பகம் 1995இல் மூடப்பட்டபோது பரணில் நோயாளிகளின் 400க்கும் மேற்பட்ட பயணப் பெட்டிகள் கிடைத்தன. பெட்டிகளைக் காட்சிக்கு வைத்தார்கள், உரியவர்களின் முழுப்பெயரைச் சொல்ல முடியவில்லை. ஆரெகன் மாநிலம் வேறு வழியில் போனது. அங்கே 3,500க்கும் மேற்பட்டவர்களின் சாம்பல் செம்புக் குப்பிகளில் கேட்பாரற்றுக் கிடந்தது 2004இல் வெளியே தெரிந்ததும், பெயர்ப் பட்டியலை வெளியிட வழிசெய்து இணையத்திலும் போட்டார்கள். அதைப் பார்த்துக் குடும்பங்கள் சாம்பலைக் கேட்டு வரத் தொடங்கின. 2014இல் நினைவகம் திறக்கப்பட்டது. மாநில அரசிடம் கேட்கப் போகும்போது ஆரெகனை முன்மாதிரியாக எடுத்துச்செல்லுங்கள்.

காத்திருக்கும் காலத்திலும் ஒரு வழி திறந்தே இருக்கிறது: மருத்துவக் கோப்பைத் தொடாமல், பொது ஆவணமான இறப்புப் பதிவிலிருந்து பெயரை எடுப்பது. பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு போதும். நோயின் பெயரை எங்கும் போட வேண்டாம்.

வாரிசுகளைத் தொடர்புகொள்ளும்போது கடிதமே நல்லது. தாத்தாவின் அக்கா காப்பகத்தில் இறந்தார் என்பதை மூன்று தலைமுறையாக மறைத்த வீடாக இருக்கலாம். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே நம் பேச்சில் வசையாகிப்போனதை நினைத்தால், அந்த வீடுகள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

புதைந்த கற்களைத் தேடுவது

புல் படுத்துக் கிடக்கும் இலையுதிர் காலக் கடைசியோ இளவேனில் தொடக்கமோ ஏற்ற நேரம். இரண்டு நிலையான புள்ளிகளை (வேலிமூலை, பெரிய பாறை) குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து நாடா பிடித்து, கயிறு கட்டி, நிலத்தை 10 அடிச் சதுரங்களாகப் பிரியுங்கள். தெரியும் கற்களை முதலில் வரைபடத்தில் போடுங்கள்; வரிசையும் இடைவெளியும் தானே புலப்படும். இடைவெளி மூன்று நான்கு அடி என்று பிடிபட்டதும், விடுபட்ட கல் எங்கே இருக்க வேண்டும் என்று கணிக்கலாம். அங்கே டி வடிவக் கைப்பிடி வைத்த மெல்லிய எஃகுக் கம்பியை மெதுவாக இறக்குங்கள். ஓர் அடிக்கு மேல் இறக்கக் கூடாது. கல்லில் பட்டால் ‘டக்’கென்று நிற்கும், வேரில் பட்டால் அழுத்தம் கொடுத்து வழுக்கும். கல்லுக்குப் பதில் எண் பொறித்த இரும்பு முளை வைத்த இடுகாடுகளில் உலோகம் கண்டறியும் கருவி வேலையைப் பாதியாக்கும். தரையூடுருவும் ராடாரை வாடகைக்கு எடுப்பதானால் மண்ணை முதலில் பாருங்கள். களிமண்ணில் அலை ஆழமாகப் போகாது, பணம் வீண்.

ஒரு நேரத்தில் ஒரு கல்லை மட்டுமே தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன் படம், இரு புள்ளிகளிலிருந்தும் அளவு. ஜார்ஜியாவின் மில்லெட்ஜ்வில் காப்பகத்தில் 1960களில் புல் வெட்ட வசதியாக எண் பொறித்த இரும்பு முளைகளை ஆயிரக்கணக்கில் பிடுங்கிக் குவித்தார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்கள் சுமார் 25,000 பேர். பிற்காலத்தில் சுமார் 2,000 முளைகளை வரிசையாக நட்டு நினைவிடம் எழுப்பினார்கள். ஆனால் எந்த முளை எந்தக் குழிக்குரியது என்பது திரும்பி வரவே இல்லை.

கழுவுவதும் நிமிர்த்துவதும்

கல்லை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளென்று கேட்டால் அடுக்கு பிரிந்திருக்கிறது. அதைக் கழுவாமல் வல்லுநருக்கு விட்டுவிடுங்கள். மற்றவற்றுக்கு முதலில் தண்ணீர் மட்டும், நன்றாக ஊறும்வரை. பாசியை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ வழித்தெடுத்து, மென்மையான நைலான் தூரிகையால் அடியிலிருந்து மேல்நோக்கித் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த பகுதியில் கோடு கோடாக இறங்கிப் படிந்துவிடும். டி/2 என்ற பாசிநீக்கியைத் தெளித்து, 10–15 நிமிடம் விட்டு, தேய்த்து, அலசினால் போதும். அன்றைக்கே கல் வெளுக்கவில்லை என்று மறுபடி தேய்க்காதீர்கள். அது பல வாரம் மெல்ல வேலை செய்யும். சிறு கல் ஒன்றுக்குத் தோராயமாக ஐந்து லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு எடுத்துப் போங்கள், இடுகாட்டில் குழாய் இருக்காது. இரவில் உறைபனி விழும் என்றால் அன்று கழுவ வேண்டாம். துளைகளில் புகுந்த நீர் உறைந்து கல்லைப் பிளக்கும்.

பிளீச்சிங் திரவம் கூடாது: அதன் உப்பு துளைகளுக்குள் படிகமாகி மேற்பரப்பை உதிர்க்கும். கம்பித் தூரிகை, உயர் அழுத்த நீர்ப்பீச்சி, எழுத்துத் தெரிய ஷேவிங் நுரையோ மாவோ பூசுவது எதுவும் வேண்டாம். மங்கிய எண்ணைப் படிக்க ஒரு நிலைக்கண்ணாடியால் சூரிய ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து விட்டாலே பள்ளம் நிழலாகித் தெரியும்.

சாய்ந்த கல்லை நிறுத்த சிமெண்ட் கான்கிரீட் ஊற்றுவதுதான் ஊரெங்கும் நடக்கும் தவறு. கான்கிரீட் கல்லைவிடக் கடினமானது. பனியில் மண் உப்பும்போது வளைந்துகொடுக்காமல் பிடித்துக்கொள்வதால் கல்தான் முறியும். குழியின் அடியில் நான்கு முதல் ஆறு அங்குலம் உடைகல் போட்டு இடித்து, கல்லை நிறுத்தி, சுற்றிலும் மணலும் உடைகல்லும் இரண்டு இரண்டு அங்குலமாக இட்டுக் கெட்டிக்க வேண்டும். களைக்கொல்லி தெளிக்காதீர்கள், அதிலும் உப்பு உண்டு.

பெயர்க்கல் வைக்கும்போது பழைய எண் கல்லை அகற்றாமல் பக்கத்தில் வையுங்கள். அந்த மனிதர்களை எப்படி நடத்தினோம் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

கட்டடம்

தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் இடிக்க முடியாது என்று நம்புவது பெரிய ஏமாற்றத்தில் முடியும். தேசியப் பட்டியல், கூட்டாட்சிப் பணமோ அனுமதியோ கலக்காத இடத்தில் உரிமையாளரின் கையைக் கட்டாது. கட்டுவது உள்ளூர் பாதுகாப்புச் சட்டமும் பத்திரத்தில் ஏற்றிய நிபந்தனையும்தான். இன்னொன்று பொருளாதாரம்: வருமானம் தரும் கட்டடமாக மாற்றிச் சீரமைப்பவருக்குத் தகுதியான செலவில் 20 சதவீதம் கூட்டாட்சி வரிச்சலுகை உண்டு. மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டியில் 1885இல் திறந்து 1989இல் மூடிய காப்பகம் இன்று கடைகளும் வீடுகளுமாக உயிரோடு இருக்கிறது.

அதுவரை கட்டடத்தை உறங்கவைக்க வேண்டும். கூரை ஓட்டையும் மழைநீர்க் குழாயும் முதல் வேலை. குழாய்களிலுள்ள நீரை வடித்துவிடுங்கள். சன்னலுக்கு அரை அங்குல ஒட்டுப்பலகை, சட்டத்தில் ஆணி அடிக்காமல், உள்ளே குறுக்குக் கட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்குவது. பலகைகளில் காற்றுத் துவாரம் கட்டாயம் வேண்டும். காற்றுப் புகாமல் மூடிய கட்டடம், திறந்து கிடக்கும் கட்டடத்தைப்போலவே அழுகும். மாதம் ஒருமுறையாவது யாரேனும் உள்ளே நடந்து பார்க்க வேண்டும்.

யார் பேசுவது

கல்வெட்டின் வாசகத்தை முன்னாள் நோயாளிகளே எழுதட்டும். டொராண்டோவில் 1850இல் திறந்த காப்பகத்தின் கட்டடம் 1976இல் போய்விட்டது. நோயாளிகள் கூலியின்றி உழைத்துக் கட்டிய சுற்றுச்சுவர் நிற்கிறது. 2010இல் அதன்மேல் பதித்த பலகைகள் அந்த உழைப்பைத்தான் சொல்கின்றன. பேய் உலா நடத்தி நிதி திரட்டலாம் என்று எப்படியும் ஒருவர் யோசனை சொல்வார். மறுத்துவிடுங்கள், அதனால் அந்த வருட வரவு குறைந்தாலும் சரி. பதிலாக ஆண்டுக்கொரு நாள், பட்டியலில் உள்ள எல்லாப் பெயர்களையும் உரக்கப் படியுங்கள். 770 பெயர்களை நிறுத்தி நிதானமாகப் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஆளுக்கு இருபது பெயராகப் பிரித்துக் கொடுங்கள், சரியான உச்சரிப்பை முந்தைய வாரமே கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர் இன்னும் கிடைக்காத கல்லுக்கு அதன் எண்ணைப் படியுங்கள்.