கணினி வலையமைப்பு: யாருக்கு என்ன தெரியும் என்று கேட்காததால் வரும் தவறுகள்

வலையமைப்பின் வேலைகளைப் பிரித்துக்காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளையும் தடுமாறாமல் ஒப்பிக்கும் மாணவரிடம் வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டுப் பாருங்கள்: உங்கள் மடிக்கணினி சிங்கப்பூரில் உள்ள ஒரு சர்வருக்கு பாக்கெட் அனுப்புகிறது. பாக்கெட்டைச் சுமந்து மடிக்கணினியை விட்டுப் புறப்படும் உறையான ஃபிரேமில், பெறுநர் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) யாருடையது? பலரும் தயங்காமல் "சர்வருடையது" என்பார்கள்.

சர்வரின் மேக் முகவரி உங்கள் கணினிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அதைக் கேட்டறியும் ஏஆர்பி நெறிமுறை உள்ளூர் வலையமைப்பைத் தாண்டிப் போகாது. ஆகவே ஃபிரேமில் இருப்பது உங்கள் வலையமைப்பின் வெளிவாசலான கேட்வே ரவுட்டரின் மேக் முகவரி. அந்த ரவுட்டர் ஃபிரேமைப் பிரித்து, அடுத்த கட்டத்துக்கு ஏற்ற புதிய ஃபிரேமில் பாக்கெட்டை வைத்து அனுப்பும். ஒவ்வொரு தாவலிலும் மேக் முகவரிகள் மாறும். பெறுநரின் ஐபி முகவரி கடைசிவரை அப்படியே இருக்கும். அனுப்புநரின் ஐபி மட்டும் வழியில் நாட் (முகவரி மாற்றி) இருந்தால் மாற்றி எழுதப்படும்.

இந்தப் பாடத்தில் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி, "இந்தத் தகவல் எந்தக் கணினிக்குத் தெரியும், அதற்கு எப்படித் தெரிந்தது?" என்ற கேள்வியைக் கேட்காததால் வருபவை. அடுக்குகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்வது பல மடங்கு பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுக்குகளைப் பற்றி ஒன்று மட்டும். இணையம் ஓஎஸ்ஐ மாதிரியை வைத்துக் கட்டப்படவில்லை. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுவதும் இன்றைய இணைய நெறிமுறைகளான டிசிபி/ஐபிக்கு மாறியது 1983 ஜனவரி 1 அன்று. ஓஎஸ்ஐ மாதிரி சர்வதேசத் தரமாக வெளியானது 1984இல். எனவே ஏஆர்பி இரண்டாம் அடுக்கா மூன்றாம் அடுக்கா, தரவை மறையாக்கும் டிஎல்எஸ் ஐந்தா ஆறா என்று மணிக்கணக்கில் வாதாடுவது வீண். அது என்ன செய்கிறது, எதன் மேல் பயணிக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

அடுத்து சப்நெட், அதாவது வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது. ஐபி முகவரியில் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று சொல்வது மாஸ்க். "192இல் தொடங்கினால் சி வகுப்பு, ஆகவே மாஸ்க் 255.255.255.0" என்ற பழைய சூத்திரத்தை இன்னும் எழுதுகிறார்கள். 1993இல் வகுப்புகள் இல்லாமல் முகவரிகளைப் பிரிக்கும் சிஐடிஆர் முறை வந்தபோதே வகுப்புகளின் காலம் முடிந்துவிட்டது. முகவரியைப் பார்த்து மாஸ்க்கைச் சொல்லவே முடியாது. ஐபி ஹெடரிலும் மாஸ்க்குக்கென்று ஓர் இடம் கிடையாது. மாஸ்க் ஒவ்வொரு கணினியும் தன்னளவில் வைத்திருக்கும் அமைப்பு. "பெறுநர் என் வலையமைப்பில் இருக்கிறாரா, ரவுட்டர் வழியாக அனுப்ப வேண்டுமா?" என்ற முடிவை எடுக்க அது பயன்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 192.168.1.0/24 என்ற வலையமைப்பை /26 ஆகப் பிரித்திருக்கிறோம் (சாய்கோட்டுக்குப் பின் வருவது மாஸ்க்கில் வலையமைப்புக்கான பிட்டுகளின் எண்ணிக்கை). ஒவ்வொரு பகுதியிலும் 64 முகவரிகள். வலையமைப்பு முகவரி, எல்லோருக்கும் அனுப்புவதற்கான பிராட்காஸ்ட் முகவரி நீங்கலாக 62 கணினிகளுக்கு இடம் உண்டு. 192.168.1.20 முதல் பகுதியில் இருக்கிறது, 192.168.1.70 இரண்டாம் பகுதியில். இடையில் ரவுட்டர். 70ஆம் எண் கணினியில் யாரோ தவறுதலாக /24 என்று போட்டுவிட்டால், 20 தன் பக்கத்திலேயே இருப்பதாக அது முடிவு செய்து நேரடியாக ஏஆர்பி கேள்வி எழுப்பும். கேள்வி ரவுட்டரைக் கடக்காது, பதில் வராது. ஆனால் அதே கணினியிலிருந்து இணையம் நன்றாகவே வேலை செய்யும், ஏனெனில் வெளி முகவரிகளுக்கு அது கேட்வேயைத்தான் நாடுகிறது. "இணையம் வருகிறது, பக்கத்து ஆய்வகம் மட்டும் கிடைக்கவில்லை" என்ற புகாரைக் கேட்டால் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள். உள்வலையமைப்புக்கு மட்டுமான தனியார் முகவரிகளில், 172 வரிசையில் 172.16 மட்டும்தான் உண்டு என்று நினைப்பதும் தவறு: அந்த வரம்பு 172.16.0.0/12, அதாவது 172.31 வரை நீளும்.

ஆனால் அதிக நேரத்தைத் தின்பது டிசிபி பற்றிய ஒரு தவறான கற்பனை. சாக்கெட் நிரல் (வலையமைப்பில் தரவை அனுப்பிப் பெறும் நிரல்) எழுதும்போது, ஒரு முறை அனுப்பியது மறுமுனையில் ஒரு முறை வாங்கினால் முழுதாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். டிசிபிக்குச் செய்தி என்றால் என்னவென்றே தெரியாது. அது பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் ஓட்டம், அவ்வளவுதான். நீங்கள் இரண்டு தடவையாக அனுப்பியது ஒரே வாசிப்பில் ஒட்டிக்கொண்டு வரலாம். ஒரே தடவையில் அனுப்பிய 5,000 பைட்டுகள் நான்கு துண்டுகளாக வரலாம். ஈதர்நெட்டின் 1,500 பைட் எல்லையில் ஐபி, டிசிபி ஹெடர்களுக்குத் தலா 20 போனால், ஒரு பாக்கெட்டில் 1,460 பைட்டுகள்தான் அதிகபட்சம்.

இந்தப் பிழை ஆய்வகத்தில் மறைந்தே இருக்கும். இரண்டு நிரல்களும் ஒரே கணினியில் ஓடும்போது, பைட்டுகள் கணினிக்குள்ளேயே சுற்றும் லூப்பேக் வழியாகப் போகின்றன. லினக்ஸில் அதன் பாக்கெட் எல்லை 65,536 பைட்டுகள். எல்லாம் ஒரே துண்டாக வருவதால் நிரல் சரி என்று தோன்றும். செயல்திட்டத்தைக் காட்டும் நாளில் இரண்டு கணினிகளுக்கிடையே ஓட்டியதும் உடைந்துவிடும். தீர்வு எளிது: ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை அனுப்புங்கள், அல்லது முடிவைக் குறிக்க ஓர் அடையாளம் வையுங்கள், முழுச் செய்தியும் வரும்வரை சுழற்சியில் வாசியுங்கள்.

டிசிபி நம்பகமானது என்பதையும் மிகைப்படுத்திப் புரிந்துகொள்கிறார்கள். அக்னாலெட்ஜ்மென்ட் (பெற்றேன் என்ற ஒப்புகை) வந்துவிட்டது என்றால், மறுமுனைக் கணினியின் இயங்குதளம் பைட்டுகளைப் பெற்றுக்கொண்டது என்று மட்டுமே பொருள். அங்குள்ள நிரல் அவற்றை வாசித்ததா, தரவுத்தளத்தில் எழுதியதா என்பதை டிசிபி சொல்லாது. அது வேண்டுமென்றால் உங்கள் நிரலே ஒரு பதில் செய்தி அனுப்ப வேண்டும். அதேபோல, இணைப்பு என்பது கம்பி முழுக்க நீண்டுகிடக்கும் குழாய் அன்று. அதன் நிலை இரு முனைகளின் நினைவகத்தில்தான் இருக்கிறது. பாக்கெட்டைத் தள்ளிவிடுவதற்கு இடையிலுள்ள ரவுட்டர்கள் அதை அறிந்திருக்கத் தேவையில்லை. யாரும் எதுவும் அனுப்பாத நேரத்தில் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினால், இணைப்பு பெரும்பாலும் அப்படியே தொடரும்.

ஃப்ளோ கண்ட்ரோலையும் கஞ்சஷன் கண்ட்ரோலையும் குழப்பாத விடைத்தாளைக் காண்பது அரிது. இங்கும் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். பெறுநரின் பஃபரில் எவ்வளவு இடம் மிச்சம் என்பது பெறுநருக்குத் தெரியும். அதை விண்டோ மதிப்பாக அவரே அனுப்புகிறார். அது ஃப்ளோ கண்ட்ரோல். நடுவழியில் நெரிசலா என்பது இரு முனைகளுக்குமே நேரடியாகத் தெரியாது. பாக்கெட் தொலைவதை வைத்து அனுப்புநர் ஊகித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். அது கஞ்சஷன் கண்ட்ரோல். ரவுட்டரே நெரிசலைத் தெரிவிக்கும் இசிஎன் போன்ற பிற்கால வசதிகள் இருந்தாலும் அடிப்படை இதுதான். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜத் தொலைவில், வேகம் வினாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. பெறுநரின் விண்டோவை மட்டும் மதித்தால் போதாது என்பதை அந்தச் சரிவு காட்டியது. வலையமைப்பு ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வுகளின் வழித்தோன்றல்கள் இன்றும் நம் கணினிகளில் ஓடுகின்றன.

வேகம், தாமதம் இரண்டையும் ஒன்றாக்குவது இன்னொரு தவறு. 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, வினாடிக்கு 12.5 மெகாபைட்தான். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே போக 16 மில்லி வினாடி, திரும்ப 16. இந்த 32ஐ எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டியும் குறைக்க முடியாது. 1,500 பைட் பாக்கெட்டைக் கம்பியில் ஏற்ற 100 எம்பிபிஎஸ்ஸில் 120 மைக்ரோ வினாடி, 1 ஜிபிபிஎஸ்ஸில் 12 மைக்ரோ வினாடி. மிச்சமாவது இந்தச் சொற்ப நேரம்தான். இன்னும் ஒரு கணக்கு: விண்டோ 65,535 பைட்டுகளில் நின்றுவிட்டால், ஒரு சுற்றுக்கு அவ்வளவுதான் அனுப்பலாம். அதை 32 மில்லி வினாடியால் வகுத்தால் சுமார் 16 எம்பிபிஎஸ். கம்பி 1 ஜிபிபிஎஸ்ஸாக இருந்தாலும் அந்த ஓர் இணைப்புக்கு அதற்கு மேல் கிடைக்காது. விண்டோவின் அளவைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேலிங் எதற்கு என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தானாகப் புரியும்.

சாக்கெட் நிரலில் இரண்டு சிறு பொறிகள். போர்ட் எண்ணை (தரவு எந்த நிரலுக்கு என்று குறிக்கும் எண்), வலையமைப்பின் பைட் வரிசைக்கு மாற்றும் எச்டிஓஎன்எஸ் சார்பில் மாற்றாமல் கொடுத்தால், வழக்கமான இன்டெல் கணினியில் 8080க்குப் பதில் 36895இல் சர்வர் காத்திருக்கும். கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் சர்வரைத் திறந்தால் நண்பரின் கணினியிலிருந்து யாராலும் அணுக முடியாது, தன் எல்லா முகவரிகளிலும் காத்திருக்க 0.0.0.0 என்று திறக்க வேண்டும்.

பழுது தேடும்போது, மறுமுனைக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கருவி சொல்வதை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். பிங் வரவில்லை என்றால் கணினி அணைந்துவிட்டது என்று பொருளல்ல. பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறையை ஃபயர்வால் தடுத்திருக்கலாம். பிங் வந்தால் இணையதளம் ஓடுகிறது என்றும் பொருளல்ல, பிங் எந்தப் போர்ட்டையும் தொடுவதில்லை. இணைப்பு மறுக்கப்பட்டது என்ற பிழை வந்தால் பெரும்பாலும் மறுமுனைக் கணினி கிடைக்கிறது, அந்தப் போர்ட்டில்தான் யாரும் இல்லை. நேரம் கடந்துவிட்டது என்ற பிழைக்கு, எந்தப் பதிலுமே வரவில்லை என்று அர்த்தம். இரண்டையும் ஒரே பிழையாக எழுதிவைக்காதீர்கள்.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் கருவியில் உங்கள் கணினி அனுப்பும் பாக்கெட்டுகளில் செக்சம் (பிழையைக் கண்டறியும் சரிபார்ப்பு எண்) தவறு என்று காட்டினாலும் பதற வேண்டாம். செக்சமைக் கணக்கிடும் வேலையை இயங்குதளம் நெட்வொர்க் கார்டிடம் விட்டிருக்கும்; கார்டு அதை நிரப்பும் முன்பே வயர்ஷார்க் பாக்கெட்டைப் பிரதி எடுத்துவிடுகிறது. அதே பாக்கெட்டை மறுமுனையில் பிடித்துப் பாருங்கள், சரியாக இருக்கும்.